கெண்டனீஸ் நாடகத்துக்கு நான் சொன்ன தமிழ்

எங்கள் தோட்டத்தில் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. சுங்காய்க்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டம், எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்தொன்பது வயது. ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்திருந்தேன். காலையில் அம்மாவோடு பால் வெட்டப் போவேன், மதியத்துக்கு மேல் டிவி பார்ப்பேன். இரண்டில் எது உன் வேலை என்று கேட்டிருந்தால் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பேன்.

தமிழ்ப் படங்களில் எனக்கு ஆகவே ஆகாதது பொறுமைசாலி மனைவி. புருஷன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவான், இவள் அவன் காலைக் கழுவித் துடைப்பாள், பின்னால் வயலின் அழும். அந்தக் காட்சி வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். பாட்டுக்கு நடுவில் பாடகி விசும்பினாலும் பிடிக்காது. அழுவது நம் வேலை, அவள் பாடினால் போதும். அப்போது புதிதாக வந்த டிஸ்கோ பாட்டுகளைக் கேட்டு அப்பா, எவனோ தகரத்தைத் தட்டுகிறான் என்பார். எனக்கு அந்தத் தகரம் பிடித்திருந்தது. ஈப்போவுக்குப் போனால் கேசட் கடை வாசலில் நின்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, எதையும் வாங்காமல், "ரெண்டாவது பாட்டு சரியில்லண்ணே" என்று சொல்லிவிட்டு வருவேன். கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே ரேடியோவை நிறுத்திவிடுவார்.

மலாய் நாடகங்களில் சண்டை போதாது. ஆங்கிலத் தொடர்களில் யாரும் வயிறாரச் சாப்பிடுவதே இல்லை. சீனத் தொடர்களுக்குத்தான் நான் முதலிடம் கொடுத்தேன். அவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார்கள்.

அப்படி ஒரு கெண்டனீஸ் தொடர் சனிக்கிழமை பிற்பகலில் ஓடியது. தோட்டத்து மண்டபத்தில் இருந்த டிவிக்கு முன்னால் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு கெண்டனீஸில், கீழே ஓடும் எழுத்து மலாயில். அவர்களுக்கு மலாய் பேச வரும், ஓடுகிற எழுத்தைப் படிக்க வராது. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே நான் டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எழுத்தைப் படித்துப் படித்து உரக்கத் தமிழில் சொல்வேன்.

முதல் இரண்டு வாரம் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். மூன்றாம் வாரம் வசனம் சப்பென்று இருந்தது. கொஞ்சம் காரம் சேர்த்தேன். மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு என் வாயை என்னாலேயே கட்டுப்படுத்த முடியவில்லை. மாமியாருக்குப் புது வசை கிடைத்தது, வேலைக்காரிக்கு வாய்த்துடுக்கு வந்தது. கதை எழுதியவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று உண்மையாகவே நம்பினேன். இப்போதும் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அக்கா முன்வரிசையில், தூணில் சாய்ந்து உட்காருவார். அவர் புருஷன் லூமுட்டில் மீன்பிடிப் படகில் வேலை என்று போய், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டவர். மூன்று வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா தனியாகப் பால் வெட்டி மகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது அந்த மனிதர் திரும்பி வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், கோயில் தலைவர் பேசிச் சேர்த்து வைப்பார் என்று ஏற்பாடு. அக்கா யாரிடமும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் தொடரின் கடைசிப் பகுதி. அதிலும் ஓடிப்போன புருஷன் திரும்பி வந்தான். வாசலில் மண்டியிட்டான். கதாநாயகி அழுதாள். 'உள்ளே வாருங்கள், சாப்பாடு ஆறுகிறது' என்று மலாய் எழுத்து ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வாரம் பார்த்தது இதற்கா?

"இந்த வீட்டுல உனக்கு இடம் இல்ல" என்று சொன்னேன்.

ஆனால் திரையில் அவள் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறாள். ஒரு நொடி விழித்தேன். பிறகு, "உன் துணி உள்ள இருக்கு. எடுத்துக்கிட்டு கெளம்பு" என்றேன். அடுத்த காட்சியில் இருவரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "பசியோட அனுப்புனேன்னு யாரும் சொல்லக்கூடாது, சாப்பிட்டுட்டு போ" என்று அதையும் சமாளித்தேன். பெண்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அக்காவின் புருஷன் வந்தார். கோயில் தலைவர் தொண்டையைக் கனைத்துப் பேசத் தொடங்குவதற்குள் அக்கா வாசலுக்கு வந்து, "உன் துணி உள்ள இருக்கு. எடுத்துக்கிட்டு கெளம்பு" என்றார். எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அந்த மனிதர் ஒரு துணிப்பையோடு சாலையை நோக்கிப் போனார். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

 அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லாமல் செய்தது என் வாய்தான் என்று பயந்தேன். லயத்தில், டிவியைப் பார்த்துக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்று அக்காவைப் பேசினார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அடுத்த சனிக்கிழமை புதுத் தொடர் தொடங்கியபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பால் நிறுக்கும் கொட்டகையில் எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். இனி தாங்காது என்று வாளியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அந்தக் கடைசி நாள் நாடகத்துல அவ அப்படிச் சொல்லல. நானா சொன்னேன். அவ அவனை உள்ள வரச் சொன்னா, சாப்பிடச் சொன்னா. என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை.

"தெரியும் புள்ள. கல்யாணத்துக்கு முன்ன ஈப்போவுல சீனங்க கோப்பிக் கடையில ஆறு வருஷம் மங்கு, தட்டு கழுவுனேன். கெண்டனீஸ் எனக்கு நல்லா வெளங்கும் லா."

"அப்படின்னா வாரா வாரம் நான் சொன்னதெல்லாம்…"

"எல்லாம் பொய்யின்னு தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

 "அப்புறம் எதுக்குக்கா அன்னைக்கு அதையே சொன்னீங்க?"

வரிசை நகர்ந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"அவன் வந்து நின்னா என்ன சொல்றதுன்னு மூணு வருஷமா யோசிச்சேன். ஒன்னும் வரல. அந்தச் சீனத்திக்கும் வரல. உனக்கு வந்துச்சு."