பார்க்காமல் சொன்னவர்

சுசீந்திரம் கோயில் வாசலில் காரை நிறுத்தியதும் அவர் இறங்கி நிற்பார். வலக்கையை ஒரு தூணைப்போல நிமிர்த்தி வைத்து, இடக்கை விரலால் அதை மெல்லத் தட்டிக் காட்டுவார். "இப்படித் தட்டினா வீணை. அடுத்ததத் தட்டினா தம்பூரா. பைய தட்டணும், கேட்டியளா? கல்லுக்கும் நோவும்லா." அந்த வெறுங்கையிலிருந்து சத்தம் வரப்போகிறது என்பதுபோல வண்டியில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். நான் முன்னிருக்கையில், மடியில் குறிப்பேட்டோடு, வயிறு எரிந்துகொண்டிருப்பேன்.

அவர் கோட்டாற்று முஸ்லிம். வாடகைக் கார் டிரைவர். காலையில் நாகர்கோவிலை விட்டால் சுசீந்திரம், கொட்டாரம், கன்னியாகுமரி. பிறகு அஞ்சுகிராமம் தாண்டிச் சென்னை ராஜ்யத்துக்குள் கொஞ்ச தூரம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைத் தள்ள மறுபடி உள்ளே நுழைந்து, வயல்களின் நடுவே சாயங்காலம் ஊர் சேரலாம். பழைய ஊர்களைப் பார்க்க வருகிறவர்களை இப்படி ஒரே நாளில் சுற்றிக் காட்டுவது அவராக உண்டாக்கிக்கொண்ட தொழில். நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கடைசி வருஷங்கள் அவை. எனக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில், விளக்கம் சொல்ல என்று, கார் முதலாளி என்னையும் உடன் அனுப்புவார்.

அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை. அந்த வழக்கம் கோயிலுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டியில் பேசிக்கொண்டதைப் பல வருஷம் கேட்டே உள்ளே இருப்பதையெல்லாம் அவர் தெரிந்துகொண்டிருந்தார். யாளியின் வாயில் கைவிட்ட குழந்தை அழுதது, ஒரு மூதாட்டி விளக்கேந்திய பாவையிடம் நின்று வீட்டுக் கவலை சொன்னது எல்லாம் அவர் சொல்லும் சிற்பங்களோடு ஒட்டிக்கொண்டு வரும். நானோ அங்கே நூறு முறை போனவன். கல்வெட்டுகளைப் படி எடுத்தவன். அரசனையும் ஆண்டையும் பிசகாமல் சொல்வேன். நான் தொடங்கினால் கொட்டாவியும் தொடங்கும். ஒரு கல்லூரிப் பேராசிரியை, "தம்பி, கொஞ்சம் இருங்க, அவர் சொல்லட்டும்" என்று என்னை நிறுத்தினார். என் முகம் வாடியதைப் பார்த்த டிரைவர், "சாருகிட்ட வருஷத்தக் கேளுங்க, என்கிட்ட ஆளக் கேளுங்க" என்று சிரித்தார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு அதுவும் ஏளனமாகவே பட்டது.

கன்னியாகுமரி விருந்தினர் விடுதிக்கு நிரந்தரச் சம்பளத்தில் ஒரு டிரைவர் தேவைப்பட்டது. விருந்தாளிகளிடம் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதை முடிவு செய்யத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அதிகாரி மனைவியோடு இந்தச் சுற்றுக்கு வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் டிரைவருக்கு நான்கு பெண் பிள்ளைகள், வண்டியோ முதலாளியுடையது. அந்த வேலை கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும். அதிகாரிக்குப் புதிதாக ஒரு இடம் காட்டலாம் என்று, தாழக்குடிப் பக்கம் ஒரு சிற்றூர்க் கோயிலை நான்தான் சேர்க்கச் சொன்னேன். அங்கே மண்டபத் தூணில் ஒரு குறத்தி சிலை உண்டு. வெளியூர்க்காரர் யாரும் அதுவரை அங்கே போனதில்லை. ஆகவே அதைப் பற்றி டிரைவர் காதில் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து கேட்டார். "அந்தக் குறத்தி எப்படி நிக்கா சாரே?"

அவள் இடுப்பில் பிள்ளையோடு சிரித்துக்கொண்டு நிற்பவள். எனக்குத் தெரியும். "தோளில் செத்த மான், முகத்தில் அழுகை" என்றேன். வாய் தவறி வந்ததல்ல. யோசித்துச் சொன்ன பொய்.

மறுநாள் அந்தக் கோயில் வாசலில் அவர் பேசியதை நான் மறக்கவில்லை. மானைக் கொன்றது அவள் புருஷன்; அது அவள் வளர்த்த மான்; சுமக்கிறவளும் அவளே. "கல்லுதான் அம்மா. ஆனா கன்னத்தத் தொட்டா நனையும்" என்றார். அதிகாரியின் மனைவி கண் கலங்கி இறங்கிப் போனார். திரும்பியபோது முகம் கடுத்திருந்தது. "அவள் சிரிக்கிறாள். இடுப்பில் பிள்ளைதான் இருக்கிறது. மானும் இல்லை, ஒன்றும் இல்லை." அதிகாரி, "பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொல்கிறவனை எப்படி நம்பி வைப்பது?" என்று என்னிடம் கேட்டார்.

டிரைவர் என்னை ஒருமுறை பார்த்தார். சார்தான் சொன்னார் என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். வண்டியைக் கிளப்பினார். நானும் வாய் திறக்கவில்லை.

அவர்களை இறக்கிவிட்டு, என்னை வீட்டு முக்கில் விட வந்தபோதுதான் பேசினார்.

"அவ சிரிக்காளா சாரே?"

"ஆமாம்."

"நல்லதுதான். நா வேற அவள அழ வச்சிட்டேன்." என் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "இடுப்புல இருக்கது ஆம்புளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அந்தத் தூணைச் சுற்றி வந்திருக்கிறேன், அளந்திருக்கிறேன், பிள்ளையை உற்றுப் பார்த்ததில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் அந்தச் சுற்றில் ஓட்டினார். ஆனால் கோயில் வாசல்களில் இறங்குவதில்லை. யாராவது கேட்டால், "சாரு சொல்லுவாரு" என்பார். நான் விரும்பியது அதுதான். நான் சொன்னேன். பின்னிருக்கையில் தூங்கினார்கள்.

போன மாதம் பேரன் தன் காரில் அந்த வழியெல்லாம் அழைத்துப்போனான். புறவழிச்சாலைகள் வந்துவிட்டதால் சுற்று அரை நாளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிற்றூரில் நிறுத்தச் சொல்லி, கோலூன்றி உள்ளே போய்ப் பார்த்தேன். பெண் பிள்ளை. தாயின் காதுத் தோட்டைப் பிடித்து இழுக்கிறது. அந்த வலியில்தான் அவள் தலை சாய்ந்திருக்கிறது, அந்த வலியோடுதான் சிரிக்கிறாள்.

டிரைவர் அந்தக் கேள்வியைக் கேட்ட பின் இருபது வருஷம் கோட்டாற்றுக் கடைவீதியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சுகந்தானா சாரே?" என்று கேட்பார், அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டதே இல்லை. என் வீட்டிலிருந்து அந்தக் கோயிலுக்கு எட்டு மைல்கூட இருக்காது. அப்போது என்னிடம் நல்ல சைக்கிள் இருந்தது.