பூஜையில் இருந்த ஸ்க்ரூடிரைவர்

ஆயுத பூஜையன்று மாலை நான்கு பத்துக்கு எங்கள் கேரவனின் கதவு சிக்கிக்கொண்டது. உள்ளே என் மகள் இருந்தாள்.

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, லீவில் ஊர் சுற்றுவதற்காக மாற்றிய வண்டி அது. விஜயநகரில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் நிற்கும். ஏறும் கதவு சில மாதங்களாகத் தொங்கிப்போய் அடிச்சட்டத்தில் உரசியது. அன்று காலை என் கணவர் கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கி வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். மேல் கீலில் ஒரு ஸ்க்ரூதான் ஏறியிருந்தது. நான் போய்க் கையை நீட்டினேன்.

"குடுங்க, பூஜைக்கு வைக்கணும்."

"இன்னும் அஞ்சே ஸ்க்ரூ. சாமி என்ன, வாட்ச் பாத்துட்டா உக்காந்திருக்கு?"

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. ராகுகாலம் வந்துடும், குடுங்க."

கொடுத்துவிட்டார். எல்லாக் கருவிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சுற்றி அடுக்கினேன். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்போம்.

மாலையில் பதினோரு வயது மகள் வண்டிக்குள் சாம்பிராணி காட்டப் போனாள். அவளுக்கு வீசிங் உண்டு. கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தளர்ந்த கீல் இறங்கி, கதவு சட்டத்தில் ஆப்பு அடித்ததுபோல இறுகியது.

"பாகிலு தெகியோக்கே ஆக்தில்லாம்மா!" கதவைத் திறக்க முடியவில்லை என்கிறாள். பயந்தால் அவளுக்கு இந்த ஊர்க் கன்னடம்தான் வரும்.

ஓட்டுநர் பக்கத்தை அலமாரி வைத்து அடைத்திருந்தோம். மேல்கோட்டைக்குப் போனபோது குரங்கு உள்ளே புகுந்ததிலிருந்து ஜன்னல்களுக்குக் கம்பி. கணவர் கல்லால் கண்ணாடியை உடைத்தார். கம்பி வழியாக இன்ஹேலரைக் கொடுத்தேன். அவள் இருமிக்கொண்டே அழுத்த, மருந்து கன்னத்தில் அடித்தது. "தணல்ல தண்ணி ஊத்துடி" என்று நான் கத்த, அவள் ஊற்ற, புகை இரண்டு மடங்காக எழுந்தது.

கணவர் கைப்பிடியை இழுத்தபடியே கத்தினார். "ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வா!"

நான் சொன்னேன்: "பூஜையில இருக்குங்களே."

சொல்லிவிட்டு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். அவள் இருமல் நின்று, மூச்சு விசில்போல இழுக்கத் தொடங்கியதும்தான் ஓடினேன். பூவோடு எடுத்து வந்தேன். இறுகிய இடுக்கில் கொடுத்து நெம்பியதும் அது வளைந்துவிட்டது.

தெரிந்த மெக்கானிக்குகளின் கடைகளெல்லாம் பூஜை முடித்துப் பூட்டியிருந்தன. மண்டி மொஹல்லாவில் வண்டிகளுக்கு பாடி வேலை செய்யும் பாய் ஒருவர்தான் போனை எடுத்தார். அவர் வரும்வரை மகள் வாயைக் கம்பியில் ஒட்டி வைத்திருந்தாள். நான் வெளியிலிருந்து அவள் விரல்களைப் பிடித்திருந்தேன். நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் குளிக்கும்போதும் தாழ் போடுவதில்லை. நான் வெளியே காவல் நிற்கிறேன்.

அன்று பாய் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார். கதவை இழுக்கவில்லை. அடியில் கடப்பாரையைக் கொடுத்து மேல்நோக்கித் தூக்கினார். ஒரே தூக்கில் திறந்தது. மகள் அவள் அப்பாவின் மேல் விழுந்தாள்.

ஆட்டோவுக்காக நின்றபோது பாய் மேல் கீலைத் தடவிப் பார்த்தார்.

"யாருண்ணா இதைப் பாதியில நிறுத்துனது?" என்றார்.