எட்டுக் கட்டிலுக்கு எதிராக ஒரு தீர்மானம்

போன வாரம் என் மகள் நித்யாவின் அறையிலிருந்து சூடான அடாப்டர் வாசனை வந்தது. பிளாஸ்டிக் கருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாசனை. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு நண்பர்களுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்காக கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் அவள் இருக்கிறாள். அந்தக் குழுவில் சிலர் தங்கள் விளையாட்டை விலைக்கு விற்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்களைக் குழுவில் வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்று விவாதம்.

"அப்பா, நீங்க சொல்லுங்க, யார் சஹி?" என்றாள். டெல்லியில் பிறந்த பெண். அவளுடைய தமிழில் சரி என்பதற்கு எப்போதும் சஹிதான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். பச்சைப் பொய். இந்த விவாதத்தில் நான் ஒரு தடவை ஜெயித்தே இருக்கிறேன். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம். நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் யூ.டி.சி., அதாவது கோப்புகளுக்குக் குறிப்பு எழுதும் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூர் போய்வந்த ஒருவரிடமிருந்து பழைய வீட்டுக் கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். ரப்பர் பொத்தான், டிவியில் மாட்டினால்தான் படம். அதன் அடாப்டர் அரை மணியில் தோசைக்கல் ஆகிவிடும். டெல்லி கோடையில் அதன் மேல் ஈரத்துணி போட்டு வேலை செய்திருக்கிறேன். இன்று உயிரோடு இருப்பது ஆச்சரியம்தான்.

அந்த மாதிரிப் பெட்டி வைத்திருந்த ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனக்புரியில் கூடுவோம். வீடு சேஷாத்ரி சாருடையது. வங்கி அதிகாரி, கும்பகோணத்துக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கலர் டிவி உள்ளவர். அவரவர் வாரம் முழுக்க எழுதிய விளையாட்டைப் பாட்டுக் கேசட்டில் பதிந்து கொண்டுவருவோம். மற்றவர்கள் ஆடிப் பார்ப்பார்கள், பிரதி எடுத்துக்கொள்வார்கள். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். யாரிடமும் எதையும் மறைக்கிற வழக்கம் இல்லை. நடுவில் மின்சாரம் போகும், அடித்து வைத்ததெல்லாம் போகும். சேஷாத்ரி மாமி உப்புமாவோடு வருவார். வாழ்க்கை பரவாயில்லை என்று தோன்றும்.

நான் செய்துகொண்டிருந்த விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன். டெல்லியிலிருந்து மெட்ராஸ் போகும் ரயில். ஆடுகிறவர்தான் டிரைவர். வழியெல்லாம் ஸ்டேஷன், சிக்னல், தண்டவாளத்தில் எருமை. திட்டம் பிரமாதம். ஆனால் இரண்டு வருஷத்தில் என் ரயில் ஆக்ராவைத் தாண்டவில்லை. நான் வரைந்த எஞ்சினைப் பார்த்து "இது ஆடா சார்?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

விளையாட்டு நகராத துக்கத்தில் நான் வேறொரு காரியம் செய்தேன். குழுவுக்கு விதிகள் எழுதினேன். அலுவலகத் தட்டச்சில், கார்பன் வைத்து, ஏழு பிரதி. மொத்தம் இருபத்திரண்டு விதிகள். சேஷாத்ரி சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு படித்தார்.

"என்ன ஓய், ஏழு பேருக்கு இருபத்திரண்டு விதியா? எங்க பாங்கே இதைவிடக் கம்மியாத்தான் வச்சுண்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு விதியையும் எடுக்கவில்லை.

குழுவில் ஒரே பெண் ஸ்டெல்லா. பாளையங்கோட்டைக்காரி. ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் அக்கா வீட்டில் இருந்தாள். குவைத்தில் இருந்த அண்ணன் தன் பையனுக்கு வாங்கிய கணினி, பையன் திரும்பிப் பார்க்காததால் அவளிடம் வந்து சேர்ந்தது. டூட்டி இல்லாத ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறி, கணினியை ஒரு துணிப்பையில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருவாள். இன்னொரு பையில் கட்டம் போட்ட நோட்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் ஒரு நர்ஸை வரைந்திருந்தாள் பாருங்கள், தொப்பி தெரியும், அவசரம் தெரியும். நடக்கும்போது லேசாகக் கால் வலிப்பதுகூடத் தெரியும். அறுபத்து நான்கு புள்ளியில் கால்வலியைக் கொண்டுவருவது என்றால் சாதாரண விஷயமா?

அவளுடைய விளையாட்டின் பெயர் 'எட்டுக் கட்டில்'. வார்டில் எட்டு நோயாளிகள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் டிரிப் பாட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். காலியாவதற்குள் நர்ஸ் ஓடிப்போய் மாற்ற வேண்டும். நடுவில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பார்கள். நாங்கள் ஏழு பேரும் வரிசையில் நின்று ஆடினோம். மாமிகூட ஆடினார். அடுப்பில் உப்புமா அடிப்பிடித்தது.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சொன்னாள், "நேரு பிளேஸ்ல ஒரு கடைக்காரரு இத விக்கலாம்னு சொல்லுதாரு. கேசட்டுக்கு அட்டையெல்லாம் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"விதி நான்கைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றேன்.

விதி நான்கு: குழுவில் காட்டப்படும் எதுவும் விற்பனைக்கு உரியதல்ல. எழுதும்போது அப்படி ஒரு நிலைமை வரும் என்று நானே நினைக்கவில்லை. சும்மா கம்பீரமாக இருக்கிறதே என்று எழுதியது. இப்போது அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி பேசினேன். இன்றைக்கு ஒருவர் விற்பார், நாளைக்கு எல்லோரும் விற்பார்கள். பிறகு யார் தன் கேசட்டைத் திறந்து காட்டுவார்? நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரோல் பாக் சந்தை ஆகிவிடும். அதோடு அந்த நர்ஸை நடக்கவைக்கும் பகுதி ஸ்டெல்லா எழுதியதே இல்லை, டிவி ரிப்பேர் செய்யும் சோப்ரா எழுதிக் குழுவுக்குக் கொடுத்தது. நம் எல்லோருடைய உழைப்பையும் ஒருவர் விற்பது எப்படி நியாயம்?

இதில் ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்தான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன ஆள் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. ஆக்ராவில் நின்றுபோன ரயிலின் டிரைவர் சொன்னது அது. காதல் கீதல் என்று எதுவும் நினைத்துவிடாதீர்கள், அதற்கான சாமர்த்தியம் எனக்கு அப்போது இல்லை. பொறாமைக்கே நேரம் சரியாக இருந்தது.

சோப்ராவுக்காக நான் கொதித்துக்கொண்டிருந்தேன். சோப்ராவோ உப்புமாத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அரே பையா, மேரா க்யா ஹை? லே ஜாவோ" என்றான். எனக்கென்ன, எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அர்த்தம்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மெதுவாகச் சொன்னாள்.

"சார், துட்டுக்காவ மட்டும் இல்ல. நீங்க எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னுதான் சொல்லுதீங்க. சும்மா கெடைக்கிறத யாரு குறை சொல்லுவா? துட்டு குடுத்து வாங்குனவன் விடமாட்டான், கேப்பான். எனக்கு அப்படிக் கேக்குத ஆளு வேணும்."

பதில் இல்லாதபோது குமாஸ்தா என்ன செய்வான்? "வாக்கெடுப்புக்கு விடலாம்" என்றேன்.

வாக்கெடுப்புக்கு முன்னால் குழுவின் மூன்று கல்லூரிப் பையன்களையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இனிமேல் இலவசப் பிரதி கிடைக்காது என்று பயமுறுத்தினேன் என்பதையும் இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் நான்கு பேர். அந்தப் பக்கம் ஸ்டெல்லாவும் சோப்ராவும். சேஷாத்ரி சார், "கூட்டம் நடக்கற ஆத்துக்காரன் ஓட்டுப் போடப்படாது" என்று ஒதுங்கிக்கொண்டார். நான்குக்கு இரண்டு. விற்பனைக்குப் போகும் விளையாட்டுக்குக் குழுவில் இடமில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்தின் மினிட்ஸும் நானே எழுதினேன்.

ஸ்டெல்லா ஒயர்களைச் சுற்றிப் பையில் வைத்தாள். "சரி சார். விதின்னா விதிதான்" என்றாள்.

"சாப்ட்டுட்டுப் போயேன்டிம்மா" என்றார் மாமி.

"டூட்டி இருக்கு மாமி."

டூட்டி இருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்று எனக்கு வந்த காபியில் சர்க்கரை இல்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

நான் காப்பாற்றிய குழு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அடுத்த ஞாயிறு ஆறு பேர். அதற்கடுத்த வாரம் சோப்ரா வரவில்லை. பையன்கள் என் ரயிலை இரண்டு தடவை ஆக்ரா வரை ஓட்டிப் பார்த்தார்கள், பிறகு பரீட்சை என்றார்கள். பொதுச் சொத்தைக் காப்பாற்றியாயிற்று, அதைப் பார்க்க வருவதற்குத்தான் பொதுஜனம் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நேரு பிளேஸுக்கு ஏதோ வேலையாகப் போவதுபோல் எனக்கு நானே பாவனை செய்துகொண்டு போனேன். நடைபாதையை ஒட்டிய கடையில் 'எட்டுக் கட்டில்' தொங்கியது. கையால் வரைந்து அச்சடித்த அட்டை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வாங்கினேன். லாட்டரிச் சீட்டு வாங்குகிற ஆசிரியர்கூட அப்படி விழித்திருக்க மாட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். உள்பக்கம் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருந்தாள். நடக்கும் முறை சோப்ரா என்று முதல் வரி. அதன் கீழே குழுவில் மிச்சமுள்ள ஐந்து பேரின் பெயர்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட நான்கு பேரும் அதில் இருந்தோம். என் இனிஷியல்கூடச் சரியாக இருந்தது.

இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன்.

வீட்டில் ஒரு வாரம் ஆடினேன். குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஆடினேன். கிடைத்தது! சொந்தக்காரர்கள் வெளியேறும் மணியும் கடைசிக் கட்டில் டிரிப் காலியாவதும் ஒரே நேரத்தில் வந்தால் நர்ஸ் சுவருக்குள் மாட்டிக்கொண்டுவிடுவாள். அசைய மாட்டாள். எனக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! அட்டையில் இருந்த முகவரிக்கு மூன்று பக்கப் புகார் எழுதினேன். ராமன் என்ற பொய்ப் பெயரில், கரோல் பாக் வாசியாக. காசு கொடுத்து வாங்கிய ஆத்திரமெல்லாம் அதில் இருந்தது.

பத்து நாளில் என் அலுவலக மேஜைக்கு ஒரு பொட்டலம் வந்தது. என் நிஜப் பெயருக்கு. உள்ளே புதுக் கேசட், ஒரு துண்டுச் சீட்டு. தமிழில் எழுதியிருந்தாள்.

"சார், நர்ஸ் செவத்துல மாட்டுதது நெசந்தான். சரிபண்ணிட்டேன். இவ்வளவு பேரு வாங்கிருக்காங்க, ஒருத்தரும் இதக் கண்டுபிடிக்கல. ரொம்ப நன்றி. பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு, அதுக்குள்ள உட்பிரிவும் போட்டுக் குறை சொல்லுத ஆளு டெல்லியில எனக்கு ஒருத்தரத்தான் தெரியும்."

பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், ஊர்ல ஏதாவது?" என்று கேட்கும்படி இருந்திருக்கிறது என் முகம்.

அந்த ஞாயிறே ஜனக்புரிக்குப் போனேன். விதி நான்கை நீக்குவதற்கான தீர்மானத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். சேஷாத்ரி சார் மட்டும் இருந்தார். லக்னோவுக்கு மாற்றல் வந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து படித்துவிட்டு, "ஆதரிக்கிறேன்" என்றார். சமையலறையிலிருந்து மாமியும் ஆதரித்தார். ஆனால் எந்தத் தீர்மானத்துக்கும் ஐந்து பேராவது இருக்க வேண்டும் என்பது விதி பதினொன்று. அதையும் எழுதிய மகானுபாவன் நான்தான்.

செல்லாத அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு லக்ஷ்மிபாய் நகர் போனேன். ஸ்டெல்லாவின் அக்கா கதவைத் திறந்தார். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து அவள் முந்தின வாரம்தான் விமானம் ஏறியிருந்தாள். காகிதத்தைக் கொடுத்தேன். "அனுப்பி வைக்கேன் தம்பி" என்றார். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமையும் எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

ஜனக்புரி வீட்டை இடித்து நாலு மாடியாகக் கட்டிவிட்டார்கள். நேரு பிளேஸ் கடை இருந்த இடத்தில் மொபைல் உறை விற்கிறார்கள். இரண்டு வீடு மாறியதில் கேசட்டுகள் எந்தப் பெட்டியோடு போயின என்று தெரியவில்லை. ஆனால் இவற்றையெல்லாம்விட நான் நினைத்துப் பார்ப்பது வேறு ஒன்றை. அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டு கேசட்டிலிருந்து கணினிக்குள் ஏறுவதற்கு ஐந்தாறு நிமிஷம் ஆகும். டேப் ரெக்கார்டர் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும், டிவி ஓரத்தில் கோடுகள் ஓடும். யாரும் எதையும் தொடக் கூடாது. செய்ய ஒன்றும் இல்லாததால் ஏழு பேரும் பேசிக்கொண்டிருப்போம். ஸ்டெல்லாவின் வார்டு, சோப்ராவின் அப்பாவுக்குச் சர்க்கரை, மாமிக்கு வராத இந்தி. எங்களுக்குள் இருந்த சிநேகிதம் எல்லாம் அந்த ஐந்தாறு நிமிஷங்களில் உண்டானதுதான். இப்போது எந்த விளையாட்டும் தொட்டவுடன் திறந்துவிடுகிறது.