நடைபாலத்து ஸ்டூடியோ அக்கா

நடைபாலத்தின் கைப்பிடியில், இடது பக்கத்திலிருந்து மூன்றாவது போல்ட்டுக்கு நேராக ஸ்டாண்டை ஊன்றி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்திருக்கிறார் ஸ்டூடியோ அக்கா. கீழே கால்வாயில் கதவில்லாத ஃப்ரிட்ஜ் ஒன்று மல்லாந்து கிடக்கிறது. காய்கறித் தட்டில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி விழுந்திருக்கலாம் நீ” என்று அதனிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம். அவ்வளவுதான். ஸ்டாண்டை மடக்கித் தோளில் மாட்டி, ஏழு மணிக்குள் வீடு.

பதினொரு வருடமாகக் காலை வேலை இதுதான். அதே போல்ட், அதே உயரம், நாளுக்கு ஒரு படம். மழை நாட்களில் கணவர் குடை பிடிப்பார். குடை கேமராவுக்கு, கணவன் மனைவி இருவரும் நனைவார்கள். கணவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். “முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். பிரேக் போட்டாத்தான் கத்துவாங்க. இவ, நான் மூச்சு விட்டாலே கத்துறா” என்பது அவருடைய நிரந்தரப் புகார். இருந்தாலும் மேகம் கறுத்தால் குடையை முதலில் தேடி எடுப்பவர் அவர்தான்.

பகலில் அக்காவுக்குத் தொழில் பாஸ்போர்ட் படம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் செருகி வைத்தது போன்ற ஒரு சிறிய அறை. சுழல் நாற்காலி ஒன்று, விளக்கு இரண்டு, கண்ணாடியோடு சேர்த்து நூலால் கட்டிய சீப்பு ஒன்று. “தாடைய இறக்குங்க. இன்னும். அசையாதீங்க. அதுக்காகச் செத்த மாதிரியும் இருக்காதீங்க” என்று மிரட்டிப் படம் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கித் துடைக்க உட்காருவார். அதில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. பருவை அழிப்பார், மச்சத்தில் கை வைக்க மாட்டார். கெஞ்சினாலும் நடக்காது. “பரு ஒரு வாரத்துல தானா போயிடும். அத இப்பவே அனுப்பி வைக்கிறேன், அவ்வளவுதான். மச்சம் உங்களோடது. அத எடுத்தா அது வேற ஆளு.”

கால்வாய்ப் பக்கம் அவரை இழுத்தது ஒரு புது லென்ஸ். அதைச் சோதித்துப் பார்க்கப் பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்தார். ஒரு வாரம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கரையில் ஒரு மரம் குறைந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அதே வழியாகத்தான் கடைக்குப் போய் வந்திருக்கிறார். மரம் போனது கண்ணில் படவே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. மறுநாள் காலை ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இன்று அந்தப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் கால்வாய் கண்ணெதிரே இளைக்கிறது. துப்புரவு ஆட்கள் இறங்குவதற்காகச் சுவரில் பதித்த இரும்பு ஏணிக்கு முதல் படத்தில் பதினான்கு படிகள். இப்போது வெளியே தெரிவது ஆறு. மீதியைச் சேறு விழுங்கிவிட்டது. கரையில் அடுக்குமாடி ஒன்று மாடி மாடியாக எழும்புகிறது. பால்கனிகளில் துணி காய்கிறது. தண்ணீரில் ஒரு வருடம் கட்டில், ஒரு வருடம் வாஷிங் மெஷின், ஒரு வருடம் அடுக்குமாடிச் சுவரோரமாக எக்சர்சைஸ் சைக்கிள். ஒரு கோடையில், கவிழ்ந்து கிடந்த ஹெல்மெட்டுக்குள் கானாங்கோழி முட்டையிட்டிருக்கிறது. “மனுஷன் போடலைன்னா என்ன, கோழியாவது போட்டுக்குச்சே” என்று அந்தப் படத்தை மட்டும் கடையில் மாட்டியிருக்கிறார்.

ஆட்கள் யாராவது குறுக்கே வந்தால், அவர்கள் போகும்வரை காத்திருப்பார். மூஞ்சியெல்லாம் கடையோடு சரி. “இங்க ஒரு மூஞ்சிய வெச்சா எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. பின்னாடி கிடக்கிறத யாரு பாப்பாங்க?”

தெருவுக்கு அவர் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கேமராவும் ஸ்டாண்டுமாக ஒருவர் தினமும் நின்றால், அது சாலையை அகலப்படுத்த அளவெடுப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. பாலத்தடி டீக்கடைக்காரர் நடைபாதையில் நீட்டியிருந்த தகரக் கூரையை யாரும் கேட்காமலே இரண்டடி உள்ளே இழுத்துக்கொண்டார். அக்கா அதையும் படம் எடுத்தார்.

வெளிப்படையாகச் சண்டைக்கு வந்தவர் ஒருவர்தான்: அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், வரித்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அக்காவின் படங்களால் கட்டடத்தின் மானம் கப்பலேறுகிறது என்பது அவர் கட்சி. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடத்துக்கு முன்பு, கட்டடத்துச் சுவரோரமாக உயரமான நீலப் பலகை ஒன்று மூன்று மாதம் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பாலத்திலிருந்து பார்க்க அச்சாகக் குளியலறைக் கதவு. பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேருக்கு நடுவே அவரைப் பிடித்துக்கொண்டார் அக்கா. “குளியலறைக் கதவு வரைக்கும் தண்ணியில போட்டுட்டீங்களே, சார். உள்ள குளிக்கிறவங்க பாவமில்லையா?” நிறுத்தமே சிரித்தது. அன்றிலிருந்து இருவரும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு கடையின் பெயர்ப்பலகையைப் படித்தபடி கடந்துபோவார்கள்.

இந்த வருடம் பக்கத்து நூலகத்தில் கண்காட்சி வைக்கக் கேட்டார்கள். நாற்பது படம், பெரிய அளவில். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, பரு தேடுகிற கண்ணோடு மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நீலப் பலகை வந்தது. இன்னும் பெரிதாக்கினார். மேல் மூலைகளில் பக்கத்துக்கு இரண்டு ஆணித் துளைகள். நடுவில் பிறை மாதிரி ஒரு கீறல்.

அந்தக் கீறல் அவர் போட்டது. விளக்கு ஸ்டாண்டின் கால் பட்டு விழுந்தது. அது குளியலறைக் கதவில்லை. பாஸ்போர்ட் படத்தில் ஊரில் பாதிப் பேரின் தலைக்குப் பின்னால் நின்ற, அவர் கடையின் பின்னணிப் பலகை. கடையைப் புதுப்பித்தபோது பழைய சாமானையெல்லாம் கொத்தனார் ஒரு வண்டியில் ஏற்றினார். “இத நான் பாத்துக்கறேங்க்கா” என்றார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. பலகை போய் இறங்கிய மறுநாளே அதைப் பாலத்திலிருந்து படமும் எடுத்திருக்கிறார்.

முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு. கணவர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாற்பதில் ஒன்று, எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அந்தப் பலகை கிடந்த மூன்று மாதத்தில்தான் ஏணி ஒரேயடியாக இரண்டு படி முழுகியது, அந்தப் படம் இல்லாமல் வரிசை நிற்காது என்றார் அக்கா. அப்படியானால் பலகையை மட்டும் அழித்துவிடலாமே என்றார் கணவர்.

அக்கா அழித்தார். இரண்டு நிமிட வேலை. சுவர் சுத்தமாகத் தண்ணீர் வரை இறங்கியது. அங்கே ஏதோ கிடந்ததாகச் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. எழுந்து போய்ச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவினார். திரும்பி வந்து நின்றபடியே திரையைப் பார்த்தார்.

“ஏங்க, இது பருவா, மச்சமா?”

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “பரு மாதிரிதான் இருக்கு” என்றார்.

“ஆறு வருஷமா போகலையே” என்றார் அக்கா. உட்கார்ந்து, அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பு செயலாளர் வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்ததும், வாசலில் நின்றபடியே கொட்டிவிட்டார். “சார், அன்னைக்கு நான் சொன்னது கதவு இல்ல. என் கடைப் பலகை. நான்தான் உங்க மேல பழி போட்டேன்.”

ஆறு வருடம் காத்திருந்த மனிதர் அதைச் சும்மா விடுவாரா? உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். மனைவி வந்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மூன்றாவது தடவைக்கு மாடிவீட்டுக்காரரைக் கூப்பிடப் போனவரை மனைவி தடுத்து, அக்காவை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். வெற்றிக் களிப்பில் செயலாளர் காபியை நெடுநேரம் ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுகிற வேகம் மெல்லக் குறைந்தது. அந்த எக்சர்சைஸ் சைக்கிள் படமும் கண்காட்சியில் உண்டா என்று கேட்டார். உண்டு, இருபத்திரண்டாவது என்றார் அக்கா.

“பக்கத்துல போய்ப் பாத்தா... ஸ்டிக்கர், பேரு, அந்த மாதிரி ஏதாவது தெரியுமா?”

அக்கா ஒரு வாய் காபி குடித்தார். தெரியாது என்றார். அதற்குப் பிறகு மூவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

கண்காட்சிக்கு எதிர்பார்க்காத கூட்டம். வந்தவர்கள் கால்வாயைப் பார்த்தார்களோ இல்லையோ, அவரவர் சாமானைத் தேடினார்கள். வாஷிங் மெஷின் படத்துக்கு முன்னால் ஒரு அம்மாள், “பழைய இரும்புக்காரர்கிட்ட குடுத்தேன்னு சொன்னீங்க?” என்று கணவரை ஓரம் கட்டினார். அக்கா வாசலருகே நாற்காலி போட்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படங்களின் கீழே தேதி தவிர ஒன்றும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் ஒரு ஆசிரியை வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார். நீலப் பலகைக்கு முன்னால் வரிசையை நிறுத்தி, பிள்ளைகளைக் கண்டிப்போடு ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிய பொருள இப்படித் தண்ணியில போட யாருக்கு மனசு வரும்? சொல்லுங்க பார்ப்போம், யாரு?”

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். வாசலருகே, தண்ணீர் பாட்டிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார் ஸ்டூடியோ அக்கா.