தகராறில் இருந்த ஒரு முன்பல்

குற்றச்சாட்டு: 2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. தூத்துக்குடி துறைமுகச் சாலையிலுள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தின் பணியாளர் கோப்பில், ‘ஊழியர் பிலோமி மருத்துவர் கூறிய சிகிச்சையை மறுத்துவிட்டார்’ என்று ஒரு வரி எழுதப்பட்டது. அது உண்மைக்கு மாறானது. எழுதியவருக்கும் அது தெரியும்.

பிலோமிக்கு அந்த நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக டேலி வேலை. கண்டெய்னரில் ஏறுவதையும் இறங்குவதையும் ஒன்றுவிடாமல் எண்ணித் தாளில் குறிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், சரக்குக் காகிதங்களை அகராதியோடு வைத்துப் படித்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். கையெழுத்திட்ட எந்தத் தாளுக்கும் நகல் எடுத்து வைப்பாள்.

பிப்ரவரி 6 காலை, கயிற்றுநார்க் கட்டுகள் நெருக்கி அடைத்திருந்த ஒரு கண்டெய்னரின் கதவைத் திறக்கும்போது, பூட்டுக் கம்பியின் பிடி திமிறி அவள் மேலுதட்டில் அடித்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு நூற்றுப் பதினெட்டுக் கட்டுகளையும் எண்ணி முடித்த பிறகே நிறுவனம் அனுப்பிய பல் மருத்துவரிடம் போனாள். அவர் ஒரே ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேல்வரிசையின் நடுப்பல்லோ விரல் பட்டாலே ஆடியது.

“இனி இது நிக்காதும்மா. புடுங்கிட்டு வேற பல் வச்சிருவோம். திங்கக்கிழமை வேலைக்குப் போயிரலாம்” என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். ‘பல்லை அகற்றச் சம்மதிக்கிறேன்’ என்ற வரிக்கு எதிரே பிலோமி ‘தகராறு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

டேலிக்காரர்களுக்கு அது அன்றாட வழக்கம். கப்பல்காரர் நூறு மூட்டை என்பார், இவர்கள் தொண்ணூற்றெட்டு என்பார்கள். அப்போது தாளில் தகராறு என்று குறித்துக் கையெழுத்திடுவார்கள். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. இன்னொரு முறை எண்ண வேண்டும் என்பதே அதன் பொருள். அதுவரை எந்தச் சரக்கும் தொலைந்ததாக ஆகாது.

மறுநாள் அரசு மருத்துவமனையில் டாக்டர் ஐஸ்வர்யா இரண்டு படங்கள் எடுத்தார். இரண்டாவதற்குக் கருவியைச் சற்றே சாய்த்துப் பிடித்தார். அடுக்கை எண்ணும்போது ஒரு பக்கமாக நின்று எண்ணக்கூடாது என்பது பிலோமிக்குப் பாடம். அதையே மருத்துவரும் செய்ததைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்தது. இரண்டாவது படத்தில் வேரின் நடுவே, குறுக்காக, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது.

“வேர் முறிஞ்சிருக்கு. ஆனா துண்டு அதிகமா விலகல. எடத்துல வச்சு, பக்கத்துப் பல்லோட மெல்லிசு கம்பியால நாலு வாரம் கட்டி வைப்போம். முன்பல்லால எதையும் கடிக்காதீங்க.”

“வேர் சிகிச்சை?” என்று வீங்கிய உதட்டோடு கேட்டாள்.

“இப்ப வேண்டாம். உள்ள நரம்பு செத்துட்டா மட்டும்தான். அது உயிரோட இருக்கான்னு தெரிய மூணு மாசம்கூட ஆகலாம்.”

பிப்ரவரி 12 அன்று அலுவலகத்தில் மேலாளர் சங்கரபாண்டியன், தான் எழுதிய வரி தெரியும்படி கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவரும் ஒரு காலத்தில் டேலிக்காரர்தான். பிலோமி பேச முடியாமல், ‘நான் மறுக்கவில்லை, தகராறு என்றுதான் எழுதினேன்’ என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

“தகராறுன்னா என்னன்னு எனக்கே சொல்லுதியா? அது மூட்டைக்கு. பல்லுக்கு ஏது தகராறு? டாக்டர் புடுங்கச் சொன்னாரு, நீ மாட்டேன்னுட்ட. சிகிச்சை வேண்டாம்னவள யார்டுக்கு அனுப்புனா நாளைக்கு எவன் பதில் சொல்லுதது?”

அன்றே அவளை, கண்டெய்னர்கள் நிற்கும் யார்டிலிருந்து பதிவறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, அழிக்கப்படக் காத்திருக்கும் ஐந்து ஆண்டுத் தாள்கள், அவள் ஒருத்தி. போர்க்லிஃப்ட் ஓட்டும் ரெக்சன் மட்டும் முதல் வாரம் எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, பல்லுக்குக் கம்பி வேலி போட்டாச்சா? ஆடு மாடு மேஞ்சிரும்னா?”

சிரித்தால் உதடு கம்பியில் மாட்டும். அவள் கையை மட்டும் ஆட்டினாள். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

அதற்குள் தவக்காலம் தொடங்கியது. குழைந்த கஞ்சியையும் பாலில் ஊறிய ரொட்டியையும் அவள் உண்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஷெர்லி, “ஏளா, உன்ன மாதிரி ஒறுத்தல் இருக்க எங்களால ஆவாது” என்று வியந்தாள். கோயிலிலும் அந்தப் பேச்சு பரவிற்று. விளக்கிச் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை, கேட்கவும் ஆளில்லை. கப்பலில் இருக்கும் அண்ணன் ஜாக்சனுக்கு எக்ஸ்ரே படத்தை அனுப்பினாள். மூன்று நாள் கழித்துப் பதிலாக ஒரு கட்டைவிரல் குறி வந்தது.

மார்ச் 6 அன்று கம்பியை அவிழ்த்தார்கள். பல் ஆடவில்லை. ஆனால் நரம்பைச் சோதிக்கக் குளிர்மருந்து தெளித்த பஞ்சைப் பல்லில் வைத்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரல் 3 அன்றும் தெரியவில்லை. நகல்கள் வைத்திருக்கும் தன் கோப்பில் இரண்டையும் தேதியோடு குறித்து, எதிரே தகராறு என்றே எழுதினாள்.

அந்த வாரம் சங்கரபாண்டியன் பதிவறை வாசலில் நின்றார். “செத்த பல்லக் காவல் காக்குதியாமே. பேசாம ஒத்துக்கிட்டுப் புடுங்கிரு, யார்டுக்கு வந்துரலாம்.”

“மூணு மாசம் ஆகல அண்ணாச்சி.”

“மூணு மாசம் கழிச்சும் கூசலேன்னா?”

அவள் அடுத்த தாள்கட்டை எடுத்து அவிழ்த்தாள். நரம்பு செத்திருந்தாலும் முறிவுக்கு இப்பால், வாய்ப்பக்கம் உள்ள துண்டுக்கு மட்டும் வேர் சிகிச்சை செய்து பல்லை வைத்துக்கொள்ளலாம் என்று கைபேசியில் சொல் சொல்லாகப் படித்து வைத்திருந்தாள். ஆனால் அவர்கள் கணக்கில், செத்த பல் என்றால் ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதிய வரி சரியாகிவிடும். அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஈறின் நிறத்தைப் பார்த்தாள். வீட்டில் அவளோடு முகம் பார்த்துக்கொண்டது அந்தப் பல் ஒன்றுதான்.

மே 8. டாக்டர் முதலில் பக்கத்துப் பல்லில் பஞ்சை வைத்தார், கூசியது. பிறகு அடிபட்ட பல்லில் வைத்தார். இரண்டு நொடி ஒன்றுமில்லை. மூன்றாவது நொடியில் ஊசி போன்ற ஒரு குளிர் உச்சி வரை ஏறியது. பிலோமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்கா?”

“ஆமா” என்றாள். “இன்னொரு தடவ வைங்க டாக்டர். ரெண்டாவது எண்ணிக்கை.”

இரண்டாம் முறையும் கூசியது. முறிவுக் கோடும் படத்தில் மங்கத் தொடங்கியிருந்தது. வெளியே வந்தவள், யாரிடம் சொல்வது என்று பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நகல் கடைக்குப் போனாள்.

மறுநாள் நிறுவனத்தின் அஞ்சல் பிரிவில் முத்திரை பெற்று அவள் கொடுத்த மனுவின் கடைசிப் பத்தி இது:

‘தகராறு தீர்ந்தது. பல் இருப்பில் உள்ளது, உயிரோடு உள்ளது. ஆறு எக்ஸ்ரே நகல்களும் மூன்று பரிசோதனைக் குறிப்புகளும் இணைப்பில் உள்ளன. நான் சிகிச்சையை மறுக்கவில்லை; மறு எண்ணிக்கை கேட்டேன். 12.02.2024 தேதியிட்ட வரியை நீக்கி, என்னை மீண்டும் யார்டில் பணியமர்த்த வேண்டும். நீக்க இயலாதெனில், இரண்டாம் எண்ணிக்கை கேட்பது எந்த விதிப்படி மறுப்பாகும் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பதிவறை வாசலில் நின்று சொல்லும் பதில் ஏற்கப்படாது.’