நூறு வீதம் உடன்பாடு

கொட்டாஞ்சேனை நோபேட் இருபத்தேழு வருடம் வெள்ளவத்தையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இலிகிதராகக் கோப்பெழுதிக்கொண்டு இருந்தவர். யாரோடும் முகம் முறித்துக் கதைக்கமாட்டார். அதைத் தன் நல்ல குணம் என்றே கடைசிவரை நம்பியிருந்தார், பாவம்.

ஓய்வுபெறும் வருடம் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் நோக்கத்தையும் விழுமியங்களையும் பற்றி மாணவர், பெற்றோர், ஊழியர் என்ன நினைக்கிறார்கள் என்று படிவத்தில் கேட்டு வாங்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான். துப்புரவு வேலை செய்யும் பன்னிரண்டு தமிழ்ப் பெண்களுக்கு அவரே வாசித்துச் சொல்லி அவரே எழுதவேண்டியதாயிற்று.

யோகேஸ்வரி எட்டு வருடமாக அங்கே கூட்டுகிறவள். 'ஒவ்வொருவரின் கண்ணியத்தையும் மதித்தல்' என்று அவர் வாசித்ததும் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தாள்.

"இதுக்கு இல்லை எண்டு போடுங்கோ சேர். நாங்கள் கக்கூஸ் வாசல்ல இருந்துதான் சாப்பிடுறம். ஒரு அறை தரச்சொல்லி எழுதுங்கோ."

அவள் பார்த்திருக்க அப்படியே எழுதினார். மற்றப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஆனால் மதிப்பீட்டுக் காலத்தில் 'இல்லை' என்று ஒரு படிவமும் மேலே போவதில்லை. அது அந்தப் பல்கலைக்கழகக் கந்தோரின் எழுதாத சட்டம் என்று அவர் எண்ணியிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவுமில்லை, மிரட்டவுமில்லை. அவராகவே பன்னிரண்டு புதுப் படிவம் எடுத்து, எல்லாவற்றிலும் 'முழு உடன்பாடு' என்று சரி போட்டார். இந்தப் பன்னிரண்டால் என்ன மாறிவிடப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் மற்றவர்களின் 'இல்லை'கள் அப்படியே மேலே போயிருந்தன; குறை சொன்னவர்களின் குறையைத்தான் குழு கவனித்தது. மாணவர்களுக்கு வாசிப்பு மண்டபம் கிடைத்தது, விரிவுரையாளர்களுக்கு ஓய்வறை கிடைத்தது. துப்புரவு ஊழியர் நூறு வீதம் திருப்தி, மேலதிக வசதி தேவையில்லை என்று அறிக்கையில் ஒரு வரி வந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் நோபேட்தான். பதிவாளரிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

கடைசி நாள், பிரியாவிடைக் கேக்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பெண்களிடம் போனார். கக்கூஸ் வாசலில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்களுக்காக ஒருத்தரும் ஒரு வரி எழுதமாட்டினம் என்று புதிதாய் வந்த ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி அவளை மறித்தாள்.

"அப்படிச் சொல்லாத பிள்ளை. நோபேட் சேர் எழுதினவர், நான் என்ர கண்ணால கண்டனான். மேல உள்ளவைதான் எடுபடவிடேல்லை. என்ன சேர்?"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ஓம்" என்றார் நோபேட்.