வாசற்படியில் நின்று வாசித்த செய்தி

பிள்ளைகளே, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் எனக்குத் தோல் தரம் பார்க்கும் வேலை. முள்வேலி கிழித்த தழும்பு, உண்ணி கடித்த குழி எல்லாவற்றையும் சாயப் பூச்சு மூடிவிடும். அதனால் ஒரு தோல் ரொம்பப் பளபளத்தால் முதலில் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்ப்போம். தினமும் இதைச் செய்கிற நான்தான் ஒரு செய்தியை அப்படிப் பார்க்காமல் விட்டேன்.

என் மகளும் எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் பிளஸ் ஒன் படிக்கிறார்கள். அந்தப் பெண் நன்றாக ஓடுவாள். விடியற்காலையில் பயிற்சிக்குப் போகும்போது எங்கள் வாசலில், "மாமா, வர்றேன்" என்று சொல்லாமல் தாண்ட மாட்டாள். ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவள் கையில் எனர்ஜி டிரிங்க் டின்னைப் பார்த்தேன். அன்றைக்கே டேனரி வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பானம் குடிக்கிற பிள்ளைகள் பெற்றோரை மதிக்க மாட்டார்கள், படிக்க மாட்டார்கள், கெட்ட சகவாசத்தில் விழுவார்கள் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி நான் மனதில் வைத்திருந்ததையே அது சொன்னது.

போனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். பெண் கையில் டின்னைப் பார்த்ததைச் சொல்லிவிட்டு, வாசற்படியில் நின்றே அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணை ஓட அனுப்பவில்லை.

விஷயம் தெரிந்து என் மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நைனா, அதுல 'மேலும் படிக்க'ன்னு இருந்துச்சே, தொட்டீங்களா?"

"பாதியிலயே புரிஞ்சிடுச்சும்மா."

அவள் தொட்டுக் காட்டினாள். கடைசியில் ஒரு சத்துமாவு டப்பாவின் படம், ஆர்டர் செய்ய நம்பர்.

"மாவு விக்கிறவன் எழுதினது. அந்த டின்னு பசங்களுக்கு ஆகாதுதான், டின்னுலயே பொடி எழுத்துல போட்டிருக்கு. அத மட்டும் சொல்லியிருந்தா சரி. கெட்ட சகவாசத்த அவன் எங்க பாத்தான்? நீங்க எங்க பாத்தீங்க?"

"அவ நல்லதுக்குத்தானம்மா..."

"டேனரில தோலையும் இப்படித்தான் பாக்கறீங்களா நைனா?"

சாயங்காலம் அதே வாசற்படிக்குப் போனேன். அது ஒரு விளம்பரம், பாதிதான் படித்தேன், பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னது தப்பு என்று பக்கத்து வீட்டாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நீங்க வந்து சொன்னீங்க, போன்லயும் போட்டிருந்துச்சு. நம்பிட்டேண்ணா," என்றார் அவள் அம்மா.

பெண் வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே, "ஒரே ஒரு தடவ குடிச்சேன். நல்லாவே இல்ல. என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். மாமா என்று சேர்க்கவில்லை.

இப்போது மறுபடி ஓடுகிறாள். விடியலில் காலடிச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு வந்து நிற்கிறேன். அவள் நேராகப் பார்த்தபடி தாண்டிப் போகிறாள்.